தரைதட்டிய பனிமலை

1986-ல் அண்டார்க்டிகாவின் ஃபில்ச்னர் பனித்தட்டிலிருந்து பெரும் பாளம் ஒன்று பிய்ந்து போனது. பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். நம் கோவா மாநிலத்தைவிடப் பெரிது. அதன்மேல் ஒரு சோவியத் ஆய்வு நிலையமும் இருந்தது. கொஞ்ச தூரம் போனதுமே வெட்டல் கடலில் தரைதட்டி, முப்பது வருடங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது. பெயர் ஏ23ஏ. முதல் எழுத்து அது எந்தத் திசைக் கடலில் முதலில் தென்பட்டது என்பதற்கு, எண் வரிசைக்கு, கடைசி எழுத்து உடைந்த துண்டுக்கு. பெயர் சூட்டுவது அமெரிக்கத் தேசியப் பனி மையம்.

பனிமலையைக் காற்று தள்ளிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கும்போது காற்றால் என்ன பெரிதாகச் செய்ய முடியும்? இழுப்பது நீரோட்டம், மறிப்பது கடல்தரை. 2020 வாக்கில் நகரத் தொடங்கிய ஏ23ஏ, 2024-ல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு அருகே மறுபடி மாட்டிக்கொண்டது. இந்த முறை தரைதட்டவில்லை. அடியில் ஒரு கடல்மேடு. நீரோட்டம் அதில் மோதி, மேட்டுக்கு மேலே ஒரு தூண்போலச் சுழன்றது. அந்தச் சுழலுக்குள் பனிமலை, ஆற்றுச் சுழியில் சிக்கிய தேங்காய் மட்டை மாதிரி, நாளுக்குச் சுமார் 15 டிகிரி வீதம் மாதக்கணக்கில் சுற்றியது.

இதையெல்லாம் பார்ப்பது செயற்கைக்கோள்கள். துருவத்தில் பாதி வருடம் இருட்டு, மீதியில் மேகம். சாதாரணப் படம் உதவாது, ரேடார்தான் கதி. ரேடார் படத்தில் கறுப்பான கடல்மேல் வெள்ளைச் சில்லாகத் தெரியும் பாளம், கோடையில் மேற்பரப்பு நனைந்தால் கறுத்துக் கடலோடு கலந்துவிடும். கண்காணிப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி.

உருகலை அளக்க வேறு வழி. கிரையோசாட்-2 செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் துடிப்பு திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு, நீருக்கு மேலே பனி எத்தனை மீட்டர் நிற்கிறது என்று கணக்கிடுவார்கள். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் மொத்தத் தடிமனில் எட்டொன்பது மீட்டர் போயிருக்கும். இப்படித்தான், 2017-ல் லார்சன்-சி தட்டிலிருந்து பிரிந்த ஏ68ஏ, தெற்கு ஜார்ஜியா தீவருகே மூன்றே மாதத்தில் 15,200 கோடி டன் நன்னீரைக் கடலில் கலந்தது தெரியவந்தது.

ஏ23ஏ-யும் 2025 மார்ச்சில் அதே தீவருகே தரைதட்டி, அந்த ஆண்டிலேயே பாதியாகச் சிதைந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சிறுத்த துண்டுக்குப் பெயரும் இல்லை, பட்டியலில் இடமும் இல்லை. கப்பல்காரர்கள் பயப்படுவது அத்தகைய துண்டுக்குத்தான்: அலையெழும்பும் கடலில் கப்பல் ரேடாரில் அது சட்டென்று அகப்படாது.