வாசலுக்கு வந்த குரல்கள்

கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்லத் தெரியும், அந்த நாளைய வீட்டுப் பெண்களுக்கு. "பாலு..." என்று குரல் கேட்டால் ஐந்தரை. "கீரே... அரைக்கீரே, மொளக்கீரே!" என்றால் ஏழரை. தயிர்ப் பானை வந்து இறங்கினால் பத்து. "உப்போய்!" என்று வண்டி போனால் பதினொன்று. மத்தியானம் நாம் சற்றுக் கண்ணயரும் நேரம் பார்த்து, "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!" சாயங்காலம் பூக்காரி. ராத்திரி எட்டு மணிக்கு மேல், மணியை அடித்துக்கொண்டு சோன்பப்டி வண்டி. நாம் படியிறங்கிப் போகாவிட்டாலும் ஊர் நம் வாசலுக்கு வந்துவிடும்.

நான் கல்யாணமாகி மயிலாப்பூருக்குக் குடிவந்தது 1976-ல். ஆறு குடித்தனம், ஒரு கிணறு, தெருவைப் பார்த்து நீளமாக ஒரு திண்ணை. இன்று என் மருமகள் கைபேசியைத் தட்டினால் சில நிமிஷங்களில் கறிவேப்பிலைகூட வந்து சேருகிறது. ஆபீஸ் வேலையும் கைக்குழந்தையுமாக அல்லாடும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வியாபாரிகள் சாமானோடு கூட இன்னொன்றையும் நம் வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். அதைத்தான் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன்.

சுவரே கணக்குப் புத்தகம்

பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வருவார். கறப்பதற்கு முன் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கவிழ்த்துக் காட்டியும் பால் நீர்த்திருந்தால், "மாடு நிறையத் தண்ணி குடிச்சிடுச்சும்மா" என்று மாட்டின் மேல் பழியைப் போடுவார்!

அணாக் கணக்கு போய் ரூபாய்க்கு நூறு காசு என்று ஆனது 1957 ஏப்ரலில். ஆனால் எங்கள் வாசலில் அதற்கு இருபது வருஷத்துக்குப் பிறகும் கீரை 'நாலணா'தான், தயிர் 'ரெண்டு ஆழாக்கு'தான். 25 காசு நாணயம் 2011-ல் செல்லாமல் போகும்வரை அதற்கு நாலணா என்றே பேர்.

தயிர்க்கார ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளே நுழையும் இடத்துச் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு போடுவாள். மாசக் கடைசியில் அவளும் என் மாமியாரும் சேர்ந்து எண்ணுவார்கள். ஒரு நாளாவது கணக்கில் தகராறு வந்ததில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால், "அந்தக் கோட்டுமேல மட்டும் கை வைக்காதேப்பா, ஆயா வந்து பார்த்தப்புறம் அடிச்சுக்கலாம்" என்பார் மாமியார். கையெழுத்தில்லாத, சாட்சியில்லாத கடன் அது. மாசம் இருபது தேதிக்கு மேல் கையில் காசில்லாத எத்தனையோ குடும்பங்களை அந்தக் கரிக்கோடுதான் தாங்கியது.

பூக்காரி முழம் போடும்போது ஒரு வழக்கு நடக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு முழம். "உன் கை குட்டை, என் கையால அளக்கறேன்" என்பார்கள் வீட்டுப் பெண்கள். "என் கை என்னிக்கும்மா வளந்துது?" என்பாள் அவள். முடிவில் இரண்டு விரற்கடை கூட விட்டு நறுக்கித் தருவாள். காய்காரரானால் கொஞ்சம் கொத்துமல்லி. அந்தக் கொசுறு கிடைத்தால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம்.

பாத்திரத்துக்கும் படிப்புக்கும்

ஈயம் பூசுகிறவர் வந்தால் எங்கள் குடித்தனத்தில் குழந்தைகளுக்குத் திருவிழா. வாசலில் பள்ளம் தோண்டி, துருத்தி வைத்து, கரி போட்டு ஊதுவார். பித்தளைப் பாத்திரத்தை நன்றாகச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றினால், குப்பென்று வெள்ளைப் புகை. புகை விலகினால் உள்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். ஈயப்பூச்சு இல்லாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பு ஏறி உடம்புக்குக் கெடுதல். இப்போது மறுபடியும் பித்தளைப் பாத்திரம் வாங்கும் இளம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூசுவது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் விஷம்.

இன்னொருவர், சைக்கிளில் வரும் புத்தகக்காரர். மாசத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் குமுதம், ஆனந்த விகடன், கல்கி, கலைமகள் என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். ரெண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்றுபோன பெண்களெல்லாம் அடுப்பங்கரையில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் தொடர்கதையுமாக நின்றது அவர் புண்ணியத்தில்தான்.

ஆயா கேட்ட கேள்வி

1979-ல் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பிறந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது குழந்தைக்கு மூன்று மாசம். மாமியார் அதற்கு முந்தைய வருஷம் காலமாகிவிட்டார். கணவர் ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு மாசம் தங்கும்படி ஆயிற்று. பகலெல்லாம் குழந்தை அழும். ராத்திரி நான் அழுவேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பாடு இறங்கவில்லை. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்துக் குடித்தனத்தார் நல்லவர்கள்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பவளை யார் என்னவென்று கேட்பார்கள்?

தயிருக்காக மட்டும் தினமும் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் ஆயா பானையை இறக்காமலே என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா கண்ணு, மூணு நாளா அதே பொடவையோட நிக்கறே? ராவுல தூங்கறியா, இல்லியா?"

அவ்வளவுதான், எனக்கு அழுகை பீறிட்டுக் கொண்டு வந்தது. அவள் பானையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். "நீ போயி தலைக்கு ஊத்திக்கினு வா. கொயந்தைய நான் பாத்துக்கறேன்" என்றாள். குளித்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அவளுக்குப் பாதித் தெரு வியாபாரம் போயிற்று. போகிற வழியில் பக்கத்து வீட்டு மாமியிடம், "அந்தப் பொண்ணைத் தனியா உடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறாள்.

மாமிதான் என்னை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் அரை மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். ரத்தசோகை இருக்கிறது, மனசும் சோர்ந்து போயிருக்கிறது, இரண்டையும் கவனிக்க வேண்டும் என்றார். மருந்து கொடுத்தார். தந்தி போய், அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று மாசம் கூட இருந்தாள். நான் மெல்ல மெல்ல எழுந்தேன்.

பிரசவத்துக்குப் பிறகு சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கமும் பசியும் போனால், குழந்தையைப் பார்க்கவே பயமாகவோ வெறுப்பாகவோ இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அது குணப்படுத்தக்கூடிய நோய். டாக்டரிடம் போவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இதெல்லாம் இன்று புத்தகத்தில் இருக்கிறது. ஆயாவுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. தினமும் பார்க்கிற முகம் மாறியிருந்தது, அது அவள் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

எல்லாமே பொற்காலமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பால், எடைக்கல்லில் மோசடி, ஈ மொய்த்த பண்டம் எல்லாம் அன்றும் உண்டு. பதப்படுத்திய பால் பாக்கெட்டில் வர ஆரம்பித்தது தாய்மார்களுக்கு நல்லதுதான். அந்த வியாபாரிகள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. விடியுமுன் கொத்தவால் சாவடிக்குப் போய்ச் சரக்கு எடுத்து, தலையில் கூடையோடு வெயிலில் தெருத்தெருவாக நடந்தவர்கள். மொத்த மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனபின் பலருக்குத் தூரமும் செலவும் கூடின.

2014-ல் தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தெருத்தெருவாகப் போய் விற்கிறவர்களுக்கும் அது பொருந்தும். ஊர்தோறும் அமைக்கும் விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது சட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் அடுக்குமாடிக் கேட்டில் 'வியாபாரிகளுக்கு அனுமதி இல்லை' என்று பலகை மாட்டியிருந்தால், அந்தச் சட்டம் கீரைக்கூடையை நம் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்குமா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது நினைவிருக்கிறதா? மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டையே மூடினார்கள். அப்போது காய்கறி வண்டி மறுபடி நம் தெருவுக்கு வந்தது. கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். ஊரடங்கு தளர்ந்ததும் எத்தனையோ இடங்களில் கேட்டை மறுபடி சாத்திவிட்டோம்.

நாம் செய்யக்கூடியது

கைபேசியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை, சகோதரிகளே. மளிகையெல்லாம் அதிலேயே வரட்டும். கீரையோ, பூவோ, இளநீரோ, ஏதாவது ஒன்றை மட்டும் ஒரே ஆளிடம் வாடிக்கையாக வாங்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் பேசி, தெரிந்த வியாபாரிகள் இரண்டு பேரைக் காலையில் ஒரு மணி நேரம் உள்ளே விடச் சொல்லுங்கள். அவர் பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காசைக் குழந்தை கையில் கொடுத்து, எண்ணிக் கொடுக்கவும் மீதி வாங்கவும் பழக்குங்கள். கைபேசியில் கேட்ட விலையை அப்படியே கொடுக்கிற நாம், கீரைக்கட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைக்க வேண்டாம். பை கொண்டுவந்து தரும் பையனும் வாசலுக்கு வருகிறவன்தான். நின்று பேச அவனுக்கு நேரமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க நேரமிருக்கும்.

பக்கத்து வீட்டில் புதிதாகப் பிள்ளை பெற்றவள் இருக்கிறாளா? அவள் வீட்டுக் கதவைத் தட்டி முகம் பார்த்துப் பேச இன்று தயிர்ப் பானையோடு யாரும் வரப் போவதில்லை. நாம்தான் போக வேண்டும். குழந்தையைக் கொஞ்சுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் அவளைப் பார்த்து, "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று கேளுங்கள்.