இடம் மாறினால் குணம் மாறும்: கொலம்பியாவின் அதிசயப் பிராணிகள்

ரிங்கெர்ல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டு மலைக்காட்டில் பிடிபட்டு, அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் பிராணி அது. பூனையை விடச் சிறிய உருவம், செம்பழுப்பு ரோமம், உருண்டை முகம், நீண்ட வால். 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் அமெரிக்க மிருகக்காட்சி சாலைகள் பலவற்றுக்கு அதை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். 'ஒலிங்கோ' என்ற இனத்தைச் சேர்ந்தது என்று நினைத்து, ஒலிங்கோக்களோடு சேர்த்தும் வைத்தார்கள். அதுவோ எதனோடும் இணை சேரவில்லை. கடைசிவரை குட்டி போடாமலேயே இறந்தது.

காரணம் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 2013-ம் ஆண்டு ஆகஸ்டில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் கிறிஸ்டோபர் ஹெல்கனும் அவரது சகாக்களும் ஒரு புதிய பிராணியை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அருங்காட்சியக இழுப்பறைகளில் வேறு பெயரில் கிடந்த தோல்களையும் மண்டையோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த அந்த இனத்துக்கு 'ஒலிங்கிட்டோ' என்று பெயர். கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மேகம் தவழும் மலைக்காடுகளில் இரவில் மட்டும் நடமாடி, பெரும்பாலும் பழம் தின்று வாழும் பிராணி அது. ரிங்கெர்லும் ஒலிங்கிட்டோதான்! கூண்டின் பலகையில் எழுதியிருந்த பெயரே தவறு. தன் இனத்தில் இன்னொன்றைக் காணாமலே அது காலம் தள்ளியிருக்கிறது.

ஒரு பிராணியை அதன் இடத்திலிருந்து பிரித்துவிட்டால், அது யார் என்பதே நமக்குப் புரியாமல் போகிறது. இதைக் கற்றுக்கொள்ள கொலம்பியாவைப் போல் இன்னொரு பாடசாலை கிடைப்பது அரிது.

ஐந்து நிலம்

கொலம்பியாவின் பரப்பு சுமார் 11.4 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் பாரதத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அங்கே 1,900-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை கிடையாது. இந்தியாவில் உள்ளவை சுமார் 1,350.

இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு ஜீவராசிகள் எப்படி? ஆண்டிஸ் மலைத்தொடர் கொலம்பியாவுக்குள் நுழைந்ததும் மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொரு மலையிலும் உயரத்துக்கு ஒரு சீதோஷ்ணம். இடையில் ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகள். ஒரு மலையில் வாழும் குருவி அடுத்த மலையை எட்டிப் பார்ப்பதே இல்லை. காலப்போக்கில் அது தனி இனமாகவே ஆகிவிடுகிறது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விலங்கு, பறவை, மரம் எது என்று கருப்பொருள் பட்டியல் போட்டு வைத்தார்கள் அல்லவா? கொலம்பியாவின் பெருநிலப் பகுதியையும் ஐந்தாகவே பிரிக்கிறார்கள்: பசிபிக் கரை, கரிபியன் கரை, ஆண்டிஸ் மலை, ஓரினோகோ புல்வெளி, அமேசான் காடு. நிலத்துக்கு ஒன்றாகப் பார்ப்போம்.

பசிபிக் கரை: விஷம் தானே சுரப்பதல்ல

உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று கொலம்பியாவின் பசிபிக் கரை. ஆண்டுக்கு 8,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர்கள் அங்கே உண்டு. அந்த ஈரக்காட்டின் ஒரு சிறு மூலையில் மட்டும் வாழ்கிறது பொன்னிற நச்சுத் தவளை. நீளம் இரண்டு அங்குலம். மஞ்சள் குழைத்துப் பூசியது போன்ற நிறம். அதன் தோலில் உள்ள விஷத்தின் எடை ஒரு மில்லிகிராம் அளவுதான். ஆனால் பத்துப் பேரைக் கொல்ல அது போதும். நரம்பிலும் தசையிலும் உள்ள சோடியம் வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடும் விஷம் அது. இதயம் ஒழுங்கிழந்து நின்றுவிடும்.

அந்தப் பகுதியின் எம்பெரா பழங்குடியினர் தவளையின் முதுகில் அம்பு முனையைத் தேய்த்து, ஊதுகுழலில் வைத்து வேட்டையாடுவது வழக்கம். விஞ்ஞானிகள் இந்தத் தவளையை 1978-ல்தான் விவரித்து எழுதினார்கள். வைத்த பெயர் 'டெரிபிலிஸ்', அதாவது பயங்கரமானது!

ஆனால் இந்தத் தவளையைக் கூண்டில் வளர்த்து, அங்கேயே பிறந்து வளர்ந்த குஞ்சுகளைச் சோதித்தபோது அவற்றிடம் விஷமே இல்லை. ஏன்? தவளை விஷத்தைத் தானாகத் தயாரிப்பதில்லை. காட்டில் தின்னும் பூச்சிகளிடமிருந்து பெற்றுத் தோலில் சேமிக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, நியூகினித் தீவின் ஒரு வகைச் சிறு வண்டுகளில் இதே வகை விஷம் இருப்பது 2004-ல் கண்டறியப்பட்டது. அந்தத் தீவில் விஷச் சிறகு கொண்ட ஒரு பறவையும் உண்டு. தவளையின் பயங்கரம் முழுவதும் அது பிறந்த காட்டின் சமையலறையிலிருந்து வருவது. காடு போனால், தவளை பிழைத்தாலும் அந்தத் தவளையாக இருக்காது.

கரிபியன் கரை: தம்பி தங்கையைத் தூக்கிய கைகள்

கொலம்பியாவின் வடமேற்குக் காடுகளில் மட்டும் வாழ்வது பஞ்சுத்தலைக் குரங்கு. எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. நரைத்த தலையை வாரி விடாத தாத்தாவைப் போல, தலையில் வெள்ளை முடி சிலிர்த்து நிற்கும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். பால் கொடுப்பது தாய். சுமப்பது தகப்பனும் அண்ணன் அக்காக்களும்.

1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் இந்தக் குரங்குகள் 20,000 முதல் 30,000 வரை மருத்துவ ஆராய்ச்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. கூண்டில் இவற்றுக்குப் பெருங்குடல் அழற்சியும் புற்றுநோயும் தாமாகவே வந்ததால் ஆராய்ச்சிக்கு வசதியாகப் போயிற்று. 1974-ல் கொலம்பியா ஏற்றுமதியைத் தடை செய்தது. கூண்டில் இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. சிறு வயதில் தம்பி தங்கைகளைச் சுமந்து பழகாத குரங்கு, தான் பெற்ற குட்டியைப் பல சமயம் ஏற்க மறுத்துவிடுகிறது. தாய்மை தானாக வருவதல்ல, கூட்டுக் குடும்பத்தில் கற்றுக்கொள்வது என்று சொல்லாமல் சொல்கிறது இந்தச் சிறு குரங்கு!

இன்று இது மிகவும் அருகிவிட்ட இனம். ஆன் சாவேஜ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1980-களில் தொடங்கிய 'ப்ரொயெக்தோ திதி' என்ற அமைப்பு இதைக் காக்கப் பாடுபடுகிறது. காட்டோரக் கிராமத்துப் பெண்கள், எங்கும் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைச் சேகரித்து, கீற்றாக நறுக்கி, தோள்பையாகப் பின்னி விற்கிறார்கள். காடு சுத்தமாகிறது, கையில் காசும் சேர்கிறது. மரம் வெட்டியும் குரங்கு பிடித்தும் பிழைக்க வேண்டியதில்லை.

ஆண்டிஸ் மலை: குருத்தோலை ஞாயிறும் ஒரு கிளியும்

ஆண்டிஸ் மலைச் சரிவுகளில் வளரும் மெழுகுப் பனை 60 மீட்டர் வரை உயரக்கூடியது. உலகிலேயே உயரமான பனை இதுதான். 1985-ல் இதைத் தேசிய மரமாக அறிவித்தார்கள். மஞ்சள் காதுக் கிளி இந்தப் பனையின் பொந்தில்தான் கூடு கட்டும்.

கொலம்பியா கத்தோலிக்க நாடு. ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று கையில் ஓலை பிடித்துப் பவனி வர, தலைமுறை தலைமுறையாக மெழுகுப் பனையின் இளங்குருத்தையே வெட்டி வந்தார்கள். பனையோ மிக மெதுவாக வளர்வது. மேய்ச்சலுக்காகக் காட்டை அழித்த இடங்களில் கன்றுகளை மாடுகள் தின்றுவிட, கிழட்டுப் பனைகள் மட்டும் சந்ததி இல்லாமல் நின்றன. கிளி அழிந்தே போயிற்று என்று பலர் அஞ்சினார்கள்.

1999-ல் மத்திய ஆண்டிஸ் மலையில் 81 கிளிகள் கொண்ட கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ப்ரோ ஆவெஸ் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு, ஊர் ஊராகச் சென்று பேசியதோடு, தேவாலயங்களின் ஒத்துழைப்பையும் நாடியது. வேறு மரத்து ஓலையைக் கொண்டு வாருங்கள் என்று பாதிரியார்களே சொன்னார்கள். மக்களும் கேட்டார்கள். பண்டிகை நின்றுவிடவில்லை, ஓலைதான் மாறியது. கிளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

புல்வெளியும் பெருங்காடும்

கிழக்கே ஓரினோகோ நதியை நோக்கி விரியும் புல்வெளியின் ராஜா ஓரினோகோ முதலை. ஐந்து மீட்டர் வரை வளரும். தோலுக்காக 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் சுட்டுத் தீர்த்தார்கள். ஃபெடரிகோ மெடெம் என்ற விலங்கியலாளர் 1970-களில் ஆறு ஆறாகத் தேடியபோது மிஞ்சியிருந்தவை மிகச் சிலவே. வில்லாவிசென்சியோ நகரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று முதலைகளைத் தொட்டிகளில் வளர்த்துப் பெருக்கியது. அவற்றில் சில பின்னர் எல் துப்பாரோ தேசியப் பூங்காவின் ஆற்றில் விடப்பட்டன.

தெற்கே அமேசான் காட்டில் இளஞ்சிவப்பு டால்பின். மழைக்காலத்தில் நதி பல மீட்டர் உயர்ந்து காட்டுக்குள் புகும்போது, இந்த டால்பின் மரங்களுக்கு நடுவே நீந்தி மீன் பிடிக்கும். கடல் டால்பின்கள் பலவற்றால் இப்படிக் கழுத்தைத் திருப்ப முடியாது. இதன் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாததால் இதற்கு அது கைவந்த கலை. திருவிழா இரவுகளில் இது தொப்பி அணிந்த அழகிய வாலிபனாகக் கரையேறும் என்று ஆற்றங்கரை மக்கள் கதை சொல்வார்கள். அந்தக் கதையே ஒரு காலத்தில் அதற்குக் காவல். பிறகு பணம் அந்தப் பயத்தை வென்றது. 'மோத்தா' என்ற மீனைப் பிடிக்க டால்பினைக் கொன்று இரையாக்கினார்கள். அந்த மீனில் பாதரசம் அதிகம் இருப்பது தெரிந்து 2017-ல் கொலம்பியா அதன் விற்பனையைத் தடை செய்தது. நம் தேசிய நீர்வாழ் விலங்கான கங்கை டால்பினும் எண்ணெய்க்கும் இரைக்கும் பலியானதுதான் என்பதை வட இந்தியாவில் வாழும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அழையா விருந்தாளி

இதுவரை சொன்னவை எல்லாம் சொந்த இடத்தில் தவிக்கும் பிராணிகள். இனிச் சொல்லப்போவது வந்த இடத்தில் கொழிக்கும் பிராணி.

போதைப்பொருள் கடத்தல் மன்னன் பப்லோ எஸ்கோபார் 1980-களில் மக்தலேனா நதியருகே இருந்த தன் பண்ணையில் ஒரு மிருகக்காட்சி சாலை வைத்திருந்தான். அதில் நான்கு நீர்யானைகள். 1993 டிசம்பரில் அவன் சுட்டுக் கொல்லப்பட்ட பின் மற்ற மிருகங்கள் பலவற்றை வேறிடங்களுக்கு அனுப்பினார்கள். டன் கணக்கில் எடையுள்ள நீர்யானையை யார் தூக்குவது? அப்படியே விட்டுவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் கடும் வறட்சி இவற்றின் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும். இங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர், புல். 2022-ல் அவை சுமார் 200 ஆகியிருந்தன! அவற்றின் சாணம் குளங்களின் நீரைக் கெடுக்கிறது. மீனவர்களைத் தாக்கியிருக்கின்றன. ஆற்றில் வாழும் கடற்பசு போன்ற உள்ளூர் ஜீவன்களுக்கும் ஆபத்து.

2009-ல் தப்பியோடிய ஓர் ஆண் நீர்யானையை அரசாங்க அனுமதியோடு சுட்டபோது நாடே கொதித்தது. பார்க்கச் சாதுவாக இருக்கிறதே, அதைக் கொல்வதா என்று மக்கள் கேட்டார்கள். 2022-ல் அரசு இவற்றை ஊடுருவும் இனம் என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் 60 நீர்யானைகளை நம் குஜராத்துக்கும் 10-ஐ மெக்சிகோவுக்கும் அனுப்பும் திட்டம் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில், கருத்தடை, இடமாற்றம், சிலவற்றைக் கருணைக்கொலை செய்வது என்று மூவகைத் திட்டத்தை அரசு அறிவித்தது.

இதில் நீர்யானையின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. தன் சுபாவப்படி தின்கிறது, பெருகுகிறது. ஒரு மனிதனின் ஆடம்பரத்துக்காக அதன் இடத்தைப் பிடுங்கியதன் விலையை இன்று மீனவனும் கடற்பசுவும் நீர்யானையும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

மனிதர்களாகிய நாம் ஊர் விட்டு ஊர் வந்தாலும், குக்கரில் இட்லி ஊற்றி, குழந்தைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, நம் இடத்தில் கொஞ்சத்தைக் கூடவே கொண்டுவந்து விடுகிறோம். தவளையால் தன் பூச்சிகளைக் கொண்டுவர முடியாது. கிளியால் பனையைச் சுமக்க முடியாது.

அடுத்த முறை குழந்தைகளோடு மிருகக்காட்சி சாலைக்குப் போகும்போது, கூண்டுப் பலகையில் உள்ள பெயரைப் படித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். இது எந்த மரத்தில் தூங்கும், எதைத் தின்று வளர்ந்தது, அந்த மரம் இப்போது இருக்கிறதா என்று குழந்தைகளைக் கேட்கச் சொல்லுங்கள். ரிங்கெர்லைப் பார்த்து அப்போதே யாராவது இப்படிக் கேட்டிருந்தால், அதன் பெயராவது சரியாக எழுதப்பட்டிருக்கும்.