உழக்கைப் பரணில் போட்ட நாடு

அரிசி அளக்க வீட்டில் ஓர் உழக்கு இருக்கிறது. அதற்கு எவ்வளவு தண்ணீர் என்று கைக்கே தெரியும். ஒரு நாள் மகள் 250 மில்லி கப் ஒன்றை வாங்கிவந்து, இனி இதில்தான் அளக்கணும் என்கிறாள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் கை உழக்கைத்தான் எடுக்கும். கப்பில் அளந்தாலும், இது எத்தனை உழக்கு என்று மனம் கணக்குப் போடும். உழக்கைப் பரணில் போட்டுவிட்டால் சில நாள் சோறு குழையும். பிறகு கப்பே கைக்குப் பழகிவிடும்.

1970இல் மெட்ரிக் மாற்றச் சட்டம் கொண்டுவந்த ஆஸ்திரேலியா, உழக்கைப் பரணில் போட்டது.

அதுவரை பள்ளிப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பாருங்கள். 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கெஜம், 1,760 கெஜம் ஒரு மைல். 5 அடி 8 அங்குலத்தோடு 3 அடி 7 அங்குலத்தைக் கூட்டினால் அங்குலம் 15 ஆகும். 12ஐ ஓர் அடியாக்கி மேலே ஏற்றி, 9 அடி 3 அங்குலம் என்று எழுத வேண்டும். எடைக்கு வந்தால் விதியே வேறு: 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, 14 பவுண்டு ஒரு ஸ்டோன். கணக்குப் பாடத்தில் பாதி இந்த ஏற்ற இறக்கத்திலேயே போயிருக்கும். 1966 பிப்ரவரி 14 அன்று பணம் டாலரும் சென்ட்டுமாக மாறியதில் பத்துப் பத்தாக எண்ணுவது பழகியிருந்தது. அளவைக்கு அது நல்ல முன்னோட்டம்.

மெட்ரிக்கைக் கற்றுத்தர இரண்டு வழி உண்டு. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்று பெருக்கச் சொல்வது ஒன்று. அது பெருக்கல் பயிற்சி, அளவைப் பயிற்சி அல்ல. உழக்கும் அலமாரியிலேயே இருக்கும். மற்றது, மீட்டர் கோலைக் கையில் கொடுத்து, கதவை அள, உன் உயரத்தை அள, ஒரு லிட்டர் தண்ணீரைத் தூக்கிப் பார் என்பது. பழைய அளவு பழகாத பிள்ளைக்கு இதில் சிரமமே இல்லை. சிரமம் ஆசிரியருக்குத்தான். கை பழகியவர் அவர்.

பள்ளி மட்டும் மாறினால் போதாது. 1972 செப்டம்பரில் வானிலை அறிக்கை செல்சியஸுக்கு வந்தது. 1974 ஜூலையில் சாலைப் பலகைகள் மாறின. ஊருக்குள் மணிக்கு 35 மைல் என்றிருந்த வேகவரம்பு, சரியாகப் பெருக்கினால் 56 கிலோமீட்டர் சொச்சம். அதை 60 என்று எழுதினார்கள். உழக்குக் கணக்கைக் கப்புக்குப் பெயர்க்காமல், கப்புக்கென்றே புதுப் பக்குவம் எழுதிய புத்திசாலித்தனம் இது. நிஜ அடுக்களையிலும் 250 மில்லி கப் வந்தது. மேசைக்கரண்டி மட்டும் 20 மில்லி. அமெரிக்காவில் அது சுமார் 15 என்பதால், ஆஸ்திரேலியச் சமையல் புத்தகத்தைப் பார்த்து கேக் செய்கிறவர்கள் பேக்கிங் பவுடரில் கவனமாக இருக்க வேண்டும்.

பிரிட்டனிலும் 1974 முதல் பள்ளிகளில் மெட்ரிக்தான். ஆனால் சாலைப் பலகையில் இன்றும் மைல், மதுக்கடையில் பைன்ட். அங்கே உழக்கு பரணுக்கே போகவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் முழுக்கப் போய்விடவில்லை. டிவி வாங்கப் போனால் திரையை அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். ஆள் எவ்வளவு உயரம் என்று கேட்டால், மெட்ரிக் மட்டுமே படித்தவர்களில் பலரும் ஆறடி என்கிறார்கள்.