போனஸ் வாங்கிய கையோடு விடிய விடிய பைக் பயணம்: பனியன் தொழிலாளர்கள் கவனத்துக்கு!

திருப்பூர்:

தீபாவளி போனஸ் பட்டுவாடா முடிந்த அன்று இரவே திருப்பூரில் இருந்து பைக்குகள் கிளம்பி விடும். மதுரை, தேனி, நெல்லை பக்கத்து ஆட்கள் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகவும், திருச்சி, தஞ்சாவூர்க்காரர்கள் காங்கயம், வெள்ளகோவில், கரூர் வழியாகவும் செல்கின்றனர். ஒரே லைனில் டெய்லர், செக்கிங், அயர்னிங் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலைந்து வண்டியில் சேர்ந்து போவதுதான் வழக்கம்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ரெயிலில் வெயிட்டிங் லிஸ்ட். பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஆம்னி பஸ் கட்டணத்தைக் கேட்டால் போனஸில் பாதி போய்விடும் போல இருக்கும். "மச்சான், ஆளுக்குப் பாதி பெட்ரோல் போட்டா வீட்டு வாசல்லயே இறங்கிடலாம்டா" என்று ஒருத்தர் சொன்னால் போதும், பையைக் கட்டி விடுகிறார்கள்.

மதுரைக்கு சுமார் 190 கி.மீ., நெல்லைக்கு சுமார் 350 கி.மீ. தூரம். தூரம்கூட பெரிதில்லை. கிளம்பும் நேரம்தான் ஆபத்து.

மூன்று செகண்ட் போதும்

காலை எட்டரை மணிக்கு மிஷினில் உட்கார்ந்தவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு எழுந்திருக்கிறார். கணக்கு முடித்து, துணிமணி எடுத்து, சாப்பிட்டு வண்டியை எடுக்க 11 மணி ஆகிவிடும். நெல்லைக்காரர் மதுரையைத் தாண்டும்போது அதிகாலை 4 மணி. இரவு 2 முதல் 5 மணி வரை மனித உடம்பு தானாகவே தூக்கத்துக்குப் போகும் நேரம். பழக்கப்பட்ட லாரி டிரைவர்களே அப்போது தடுமாறுவார்கள்.

60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு செகண்டில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. கண் மூன்று செகண்ட் சொருகினால் 50 மீட்டர் தூரம் வண்டியை ஓட்ட ஆளே இல்லை. அந்த 50 மீட்டருக்குள் விளக்கு போடாமல் ஓரமாக நிற்கும் ஒரு லாரி போதும்.

முகம் கழுவுவது, பாட்டு கேட்பது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். டீ வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகும். டீயைக் குடித்துவிட்டு பெட்ரோல் பங்க் ஓரத்தில் 20 நிமிடம் படுத்து எழுவது எவ்வளவோ மேல். கூட்டமாகப் போகிறவர்களிடம் இன்னொரு வினை உண்டு. தூக்கம் வருது என்று சொல்ல வெட்கப்படுவார்கள். முன்னால் போகிறவனின் சிவப்பு லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அவன் பள்ளத்தில் விட்டால் பின்னால் வருபவரும் பள்ளத்தில்தான். பழைய வண்டி எதுவோ அதன் வேகத்தில்தான் மொத்தக் கூட்டமும் போக வேண்டும்.

தீபாவளி வடகிழக்கு பருவமழை சமயத்தில் வருவதால் ரோட்டில் தண்ணீரும் நிற்கும். டயர் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்காது.

இன்சூரன்சில் இருக்கும் ஓட்டை

பலருக்குத் தெரியாத விஷயம் இது. வண்டி உரிமையாளருக்கு ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். ஆனால் அது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர், லைசென்சுடன் தானே ஓட்டும்போதுதான். நண்பனின் வண்டியை இரவல் வாங்கி ஓட்டி, தானே விழுந்தால் அந்தப் பணம் கிடைக்காது. வெறும் 'தேர்டு பார்ட்டி' மட்டும் போட்ட வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும் நண்பருக்கும் அந்த பாலிசியில் பாதுகாப்பு கிடையாது. 'புல் இன்சூரன்ஸ்' இருந்தால் அவருக்கும் உண்டு. நாலு வண்டி கிளம்புகிறது என்றால் நாலு பாலிசியையும் எடுத்து தேதி பார்ப்பது அஞ்சு நிமிட வேலை.

பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் ரூ.1,000 அபராதம். மூன்று பேர் ஏறினாலும் அதே ரூ.1,000.

விபத்து நடந்தால் 108-க்கு போன் செய்யலாம். தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்குபவர்களுக்கு, முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளிலும், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். 'இன்னுயிர் காப்போம்' என்ற பெயரில் 2021-ல் தொடங்கிய திட்டம் இது. பீகார், ஒடிசாவில் இருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். "காசு கேட்பாங்களோ" என்று பயந்து ரோட்டோரம் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

அனுபவப்பட்ட சிலர் இப்போது வேறு மாதிரி கிளம்புகின்றனர். இரவு பத்து மணிக்கு ரூமிலேயே படுத்து, காலை 4 மணிக்கு வண்டியை எடுக்கிறார்கள். தாராபுரம் தாண்டி விடிகிறது. இரண்டு இடத்தில் நிறுத்தி டீ குடித்தாலும் மதுரைக்காரர் பத்து மணிக்குள் வீட்டில் இட்லி சாப்பிடலாம்.