சூரியகாந்திக்கு முதுகைக் காட்டி

சாரல் தொடங்கிவிட்டால் கீழப்பாவூர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, சுரண்டைப் பக்கம் போகிற கார்களை எண்ணலாம். எல்லாம் சூரியகாந்திக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கிற கூட்டம். போன வாரம் ஒரு தம்பி தன் போனை நீட்டினார். பூ, வானம், அவர். "பக்கத்துத் திண்ணையில ஒரு அக்கா பீடி சுத்திக்கிட்டு இருந்திருப்பாங்களே?" என்றேன். "அவங்களை வெட்டிட்டேன்ணே" என்றார்.

இதைப் பிடித்துக்கொண்டே நாம் இரண்டாம் உலகப் போர் நடந்த 1943-க்குப் போகலாம். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

குண்டு விழுகிற இடம் போர்முனை. குண்டு விழாமலே போரின் செலவை அரிசியாகவும் மண்ணெண்ணெயாகவும் கட்டுகிற ஊர்களும் உண்டு. அதை வெள்ளைக்காரர்கள் 'ஹோம் ஃப்ரண்ட்' என்றார்கள். கல்யாணப் பந்தலுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருக்கிற சமையல்கட்டு மாதிரி. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று வங்காளத்துக் கிராமங்களின் படகுகளை அரசாங்கமே பறித்தது. விலை ஏறிக்கொண்டே போய், அடுத்த ஆண்டு பஞ்சம். முப்பது லட்சம் பேர் வரை செத்திருக்கலாம் என்பது பின்னாளில் வந்த கணக்கு.

அந்த ஊர்களுக்குள் கேமராவோடு போனவர் சுனில் ஜானா. வயது இருபத்தைந்து. கம்யூனிஸ்ட் கட்சியின் பி.சி. ஜோஷி அவரையும் ஓவியர் சித்தபிரசாத்தையும் அழைத்துப் போனார். படங்கள் கட்சியின் 'பீப்பிள்ஸ் வார்' இதழில் வந்தன. கல்கத்தாவில் 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸும் 1943 ஆகஸ்ட் 22 அன்று, தெருவில் பட்டினியில் கிடந்தவர்களின் படங்களைத் துணிந்து போட்டார்.

பத்திரிகையில் படம் எப்படி வந்தது? அச்சு மை ஒரே கருப்பு. அதில் சாம்பல் நிறம் கிடையாது. அதனால் படத்தைப் புள்ளி புள்ளியாக உடைத்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றுவார்கள். பெரிய புள்ளி இருட்டு, பொடிப் புள்ளி வெளிச்சம். கோலம் மாதிரிதான், இழை சேர்ப்பது நம் கண். அன்றைய அச்சகத்தில் இதற்கு 'பிளாக்' என்று பெயர். ஒவ்வொரு பிளாக்குக்கும் காசு. எடுத்ததில் ஒன்றோ இரண்டோதான் தாளுக்கு வரும்.

நாம் எல்லாரும் தவறுவது இங்கேதான். 'கேமரா பொய் சொல்லாது, இருந்ததை எடுத்தது' என்கிறோம். இருந்ததைத்தான் எடுத்தது. ஆனால் எதன் முன்னால் நிற்பது, எதை வெட்டுவது, எதற்குப் பிளாக் போடுவது என்பதெல்லாம் மனிதர்கள் முடிவு செய்வது.

அமெரிக்காவில் இது பச்சையாகவே தெரியும். ராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் 1935 முதல் அரசாங்கத்துக்காக ஏழை விவசாயிகளைப் படமெடுக்க ஆட்களை அனுப்பினார். பிடிக்காத நெகட்டிவில், அந்தக் கால ரயில் டிக்கெட்டில் போட்ட மாதிரி ஓட்டை போட்டுவிடுவார். 1942-ல் அவருடைய பிரிவு போர்ச் செய்தி அலுவலகத்துக்குக் கைமாறியதும், நிறைந்த களஞ்சியமும் தெம்பான முகமும் தேவைப்பட்டன. நாடு அதேதான். அதற்குப் பொய்ப்படம் எடுக்கத் தேவையில்லை. வேறு வாசலில் போய் நின்றார்கள், அவ்வளவுதான்.

ஜானாவும் தேர்ந்தெடுத்தவர்தான். அவர் கட்சி அப்போது போரை ஆதரித்தது. 'மக்களின் போர்' என்ற இதழின் பெயரே அதைச் சொல்லும். ஆனாலும் அரசாங்கம் மறைக்க நினைத்ததை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதால் என் ஓட்டு அவருக்கு.

ஸ்ட்ரைக்கர் ஓட்டை போட்ட நெகட்டிவ்களை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் எறிந்துவிடவில்லை. அச்சிட்டால் ஓட்டை இருந்த இடத்தில் கருப்பு வட்டம் விழும்; சிலவற்றில் ஆளின் முகத்தின் மேலேயே.

போனில் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவர முடியும். தம்பியை அழுத்தச் சொன்னேன். ஓரத்தில் திண்ணை வந்தது. ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரி, மடியில் பீடித்தட்டு. அந்த அக்கா கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.