அசதிக்குப் பின்னால் இதயம்

ஜொகூரின் பெக்கான் நானாஸில் ஒரு பெண்மணிக்கு மேல்முதுகு வலித்தால் கோடாலித் தைலம் தேய்ப்பார். நெஞ்சு அடைத்தால் காற்று என்பார். நாலு படி ஏறி மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்பார். பல வேளைகளில் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் மலேசியாவில் உயிர்ப்பலி வாங்கும் நோய்களில் முன்வரிசையில் நிற்பது இதய நோய். 2007இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, நம் முன்னோர் வந்த தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது. மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய ஆறு ஆண்டு தள்ளித்தான் வருகிறது. இந்த நிலையில், இதயம் முன்கூட்டியே தரும் அறிகுறிக்கு வேறு பெயர் வைத்துவிடுவதுதான் நம் பெண்களுக்குப் பெரிய ஆபத்து.

2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாரடைப்பிலிருந்து மீண்ட 515 பெண்களிடம் விசாரித்தார்கள். 95 விழுக்காட்டினர் முன்பே உபாதைகள் தோன்றியதாகச் சொன்னார்கள். பத்தில் ஏழு பேருக்கு வழக்கத்துக்கு மாறான அசதி. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தூக்கக்கேடு. அப்படியானால் பெண்களுக்கு நெஞ்சு வலியே வராதா? அப்படி முடிவு கட்டுவது தவறு. 55 வயதுக்குட்பட்டோரை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், மாரடைப்பு வந்த பெண்களில் 87 விழுக்காட்டினருக்கு நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்தது. கூடவே தாடை வலி, குமட்டல், படபடப்பு என்று வேறு உபாதைகளும் சேர்ந்துகொண்டால் நெஞ்சு வலி பின்னுக்குப் போய்விடக்கூடும். முன்னதாகவே மருத்துவரிடம் போன பெண்களில் 53 விழுக்காட்டினர், அவர் அதை இதயக் கோளாறாகக் கருதவில்லை என்றனர். ஆண்களில் அது 37 விழுக்காடு. ஆகவே பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

வீட்டையும் வேலையையும் சுமக்கும் எல்லாப் பெண்களுக்கும் அசதி உண்டே, எல்லாரும் கிளினிக்குக்கு ஓட முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பார்க்க வேண்டியது மாற்றத்தை. போன மாதம் சுலபமாகச் செய்த வேலை இப்போது மூச்சு வாங்க வைக்கிறதா? நடந்தால் வரும் தாடை வலி, உட்கார்ந்தால் அடங்குகிறதா? இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் வந்துபோன இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும்கூடப் பிற்கால இதய நோய்க்கான காரணிகளே. பிள்ளை பிறந்ததும் அவற்றை மறந்துவிடுகிறோம். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். “அசதியாக இருக்கிறது” என்று மட்டும் சொல்லாமல், எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் வருகிறது என்று சொல்லி, இதயமாக இருக்குமா என்று நேராகக் கேளுங்கள். ஈசிஜி ஒருமுறை சரியாக இருந்தாலும் உபாதை தொடர்ந்தால் மறுபடியும் போங்கள். திடீரென்று குளிர்ந்த வியர்வையுடன் நெஞ்சோ தாடையோ மேல்முதுகோ இறுக்கினால், வீட்டுக்காரர் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.