பணம் கம்பெனியுடையது, பாலிசி ஊழியருடையது: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டில் ஒரு மாற்றம்

நம் ஊர்களிலிருந்து அமெரிக்கா சென்று வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடியாக முக்கியமானது, கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு. அங்கே காப்பீடு இல்லாதவருக்கு ஒரு பிரசவமோ ஒரு எலும்பு முறிவோ பல ஆண்டுக் கடனாக முடியலாம். அந்தக் காப்பீட்டைத் தரும் முறையே இப்போது சில நிறுவனங்களில் மாறிவருகிறது. "ஜனவரி முதல் கம்பெனி பாலிசி கிடையாது. மாதம் இவ்வளவு டாலர் தருகிறோம். உங்களுக்குப் பொருத்தமான பாலிசியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஊழியர்களுக்குக் கடிதம் வருகிறது.

இந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அங்குள்ளவர்கள் 'இக்ரா' என்கிறார்கள். நம் பகுதிப் பள்ளிக்கூடங்களின் பெயர் போலக் காதில் விழுந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஊழியர் தன் பெயரில் ஒரு தனிநபர் பாலிசி எடுக்கிறார். அதற்கான பிரீமியத்தை, தான் நிர்ணயித்த தொகை வரை, நிறுவனம் ஈடுகட்டுகிறது. அந்தத் தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 2019 ஜூன் மாதம் அமெரிக்க அரசு வெளியிட்ட விதிகளின்படி, 2020 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

வேலையோடு காப்பீட்டைக் கட்டிப்போட்ட வழக்கம் அங்கே பழையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாத நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டி ஆட்களை ஈர்த்தன. 1954இல் வரிச் சட்டம் அந்தச் சலுகைக்கு உறுதியான வரிவிலக்குத் தந்ததும் அது நிலைபெற்றுவிட்டது. ஆனால் செலவு ஏறிக்கொண்டே போகிறது. 2024இல் கம்பெனி மூலம் எடுக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியரின் பங்கு சராசரியாக 6,296 டாலர். மீதி முழுவதும் நிறுவனத்தின் தலையில். இருபது பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால்கூட, அடுத்த ஆண்டு மொத்தப் பிரீமியமும் எகிறிவிடுமோ என்ற பயம் முதலாளிக்கு இருக்கும்.

இக்ரா அந்தப் பயத்தை நீக்குகிறது. செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு இதை எளிதாகப் புரியவைக்கலாம்: பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கும், 2003 ஏப்ரல் முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. முன்னதில் பலன் உறுதி. பின்னதில் போடும் பணம் மட்டுமே உறுதி, பலன் எவ்வளவு என்பது நம் பாடு. இக்ராவிலும் பிரீமியம் அடுத்த ஆண்டு ஏறினால், நிறுவனம் தன் தொகையை உயர்த்தாதவரை, அந்த ஏற்றம் ஊழியருடையது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 21 வயது இளைஞருக்கு ஒரு பாலிசி மாதம் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசின் வயது விகிதத்தின்படி அதே பாலிசி 40 வயதுக்காரருக்கு ஏறத்தாழ 383 டாலர், 50 வயதில் 536, 60 வயதில் 814. மூத்தவருக்குப் பிரீமியம் இளையவரைப்போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். நிறுவனமும் தன் தொகையை வயதுக்கேற்ப அதே மூன்று மடங்கு வரை கூட்டிக் கொடுக்கலாம். கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லோருக்கும் ஒரே தொகை என்று நிர்ணயித்துவிட்டால், 58 வயது ஊழியர்தான் கையைப் பிசைவார்.

இதுவரை நிறுவனத்தின் பக்கமும் ஊழியரின் பக்கமும் பார்த்தோம். இந்த ஏற்பாடு நல்லதாக அமையுமா, தலைவலியாக முடியுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூன்றாவது தரப்பான காப்பீட்டு நிறுவனங்கள். அவற்றுக்கு இது வெறும் புதிய விற்பனை வழியல்ல. வாடிக்கையாளரே மாறிவிடுகிறார். நேற்று வரை கம்பெனியின் மனிதவளத் துறையில் ஒருவரைத் திருப்திப்படுத்தினால் போதும், இருநூறு குடும்பங்கள் மொத்தமாக வந்து சேரும். இன்று அந்த இருநூறு குடும்பங்களும் தனித்தனியாக வந்து கேள்வி கேட்கின்றன.

முதலில் இடிப்பது பில் விஷயம். குழுக் காப்பீட்டில் மாதம் ஒரே பில், ஒரே காசோலை. இக்ராவில் இருநூறு பேருக்கு இருநூறு பில். பல இடங்களில் ஊழியர் முதலில் தன் கைக்காசைக் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி நிறுவனத்திடம் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளத்தில் வாடகையும் பிள்ளைகளின் செலவும் போக, குடும்பப் பிரீமியத்தை முன்பணமாகக் கட்டுவது எல்லோராலும் ஆகிற காரியமா? தனிநபர் பாலிசியில் முதல் மாதப் பிரீமியம் போய்ச் சேர்ந்தால்தான் பாலிசியே தொடங்கும். பணம் நிறுவனத்திலிருந்து தாமதமாக வந்தால், அவகாசக் காலம் முடிந்து பாலிசி காலாவதியாகும் ஆபத்தும் உண்டு. நிறுவனத்தின் பணத்தை நேரடியாகப் பெற்று, அதை ஒவ்வொரு ஊழியரின் கணக்கிலும் பிரித்து வரவு வைக்கும் ஏற்பாடு காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணக் கணக்குவேலை. ஆனால் பழைய கணினி அமைப்புகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இதுவே பெரும் பாடு.

அடுத்தது மருத்துவமனைப் பட்டியல். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கம்பெனிக் காப்பீட்டில் பழகியவர்கள் பெரும்பாலும் எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் போகலாம், வேறு மாநிலத்தில்கூடச் சிகிச்சை பெறலாம் என்ற நிலையில் இருந்தவர்கள். தனிநபர் சந்தையில் விற்கும் பாலிசிகளோ பெரும்பாலும் குறுகிய பட்டியல் கொண்டவை. விலையைக் குறைக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அவசர சிகிச்சை தவிர மற்றவற்றுக்குப் பட்டியலுக்கு வெளியே போனால் முழுச் செலவும் நம்முடையதாகலாம். டெக்சாஸில் பெற்றோர், மிச்சிகனில் கல்லூரி படிக்கும் மகள் என்றால், அந்த மகளுக்கு இந்தப் பாலிசி எந்த அளவுக்கு உதவும்? சிறுநீரகச் சிகிச்சையிலோ கீமோவிலோ இருக்கும் ஒருவருக்கு, மூன்றாண்டுகளாகப் பார்த்துவரும் டாக்டர் புதிய பட்டியலில் இல்லையென்றால் என்ன செய்வது?

காப்பீட்டு நிறுவனங்கள் இங்கே இரண்டைச் செய்யலாம். ஒன்று, இக்ரா ஊழியர்களை மனதில் வைத்து, அகன்ற பட்டியல் கொண்ட பாலிசிகளை அரசின் காப்பீட்டுச் சந்தைக்கு வெளியேயும் விற்பது. இதற்கு ஒரு வரிக் காரணமும் உண்டு. கம்பெனி தரும் தொகை போக மீதிப் பிரீமியத்தை, வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து கட்ட நிறுவனம் வழி செய்யலாம். ஆனால் அரசுச் சந்தையில் வாங்கிய பாலிசிக்கு அந்த வழி கிடையாது, வெளியே நேரடியாக வாங்கியதற்குத்தான் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கியவர்கள் ஆண்டு முழுவதும் தேவையில்லாமல் வரி கட்டுவார்கள். இரண்டாவது, பட்டியல் உண்மையாக இருக்க வேண்டும். டாக்டர் பெயர் இருக்கும், போன் செய்தால் "நாங்கள் இந்தக் காப்பீட்டை ஏற்பதில்லை" என்பார்கள். 2022 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் 90 நாட்களுக்கு ஒருமுறை பட்டியலைச் சரிபார்க்கச் சொல்கிறது. கம்பெனியில் இருக்கும்போது இதைத் தட்டிக்கேட்க மனிதவளத் துறை இருந்தது. இப்போது ஊழியர் தனியாக நிற்கிறார். எனவே சிகிச்சையின் நடுவில் இருப்பவர்களை விற்பனைக்கு முன்பே கேட்டறிந்து, பழைய டாக்டரிடம் சில மாதங்கள் தொடர அனுமதிக்கும் நிறுவனம்தான் அடுத்த ஆண்டும் அவர்களைத் தக்கவைக்கும்.

ஆண்டின் நடுவில் மாறும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகையை 'டிடக்டிபிள்' என்பார்கள். ஜூன் வரை கட்டித் தீர்த்தவர், ஜூலையில் புதிய பாலிசிக்கு மாறினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் நிறுவனங்களை ஜனவரியிலேயே மாறச் சொல்வது நல்லது. விதிப்படி ஊழியர்களுக்கு 90 நாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும். அந்த மூன்று மாதங்களில் காப்பீட்டு நிறுவனம் விளம்பரத் தாள் அனுப்புவதைவிட, ஒவ்வொருவரின் மருந்துகளையும் டாக்டர்களையும் வைத்துப் பாலிசிகளை ஒப்பிட்டுக் காட்டினால் பயன் உண்டு.

காப்பீட்டு நிறுவனங்களின் கவலை வேறு. நோயாளி ஊழியர்களை மட்டும் தனிநபர் சந்தைக்குத் தள்ளிவிட்டு, ஆரோக்கியமானவர்களைக் கம்பெனி தன் குழுவிலேயே வைத்துக்கொள்ளுமோ என்பதுதான் அது. 2014 முதல் நோயைக் காரணம் காட்டி அதிகப் பிரீமியம் கேட்கவோ மறுக்கவோ முடியாது என்பதால் இந்தக் கவலை நியாயமானதே. விதிகள் இதற்குத் தடுப்புப் போட்டிருக்கின்றன. முழுநேர ஊழியர், பகுதிநேர ஊழியர், குறிப்பிட்ட ஊரில் பணிபுரிபவர் என்று பிரிவாகத்தான் இக்ரா தர முடியும். ஒரே பிரிவினருக்கு இரண்டில் ஒன்று என்ற தேர்வைத் தரக் கூடாது. ஒரு பிரிவுக்குக் குழுக் காப்பீடும் இன்னொரு பிரிவுக்கு இக்ராவும் தரும் நிறுவனத்தில், மேலே சொன்னவை போன்ற பிரிவுகளுக்குக் குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையும் உண்டு: 100 பேருக்குக் குறைந்த நிறுவனமென்றால் 10 பேர், 200 பேருக்கு மேல் என்றால் 20 பேர்.

லாபக் கணக்கிலும் மாற்றம் வருகிறது. பெரிய கம்பெனிகளின் குழுக் காப்பீட்டில் பிரீமியத்தின் 85 சதவீதம் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் போக வேண்டும். தனிநபர் பாலிசியில் 80 சதவீதம் போதும். ஐந்து சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று மகிழ முடியாது. ஆள் ஆளாகச் சேர்ப்பது, பில் அனுப்புவது, தொலைபேசியில் விளக்குவது எல்லாம் அதிலிருந்துதான். அந்தப் பணத்தை உதவி மையத்தில் போடாமல் விளம்பரத்தில் போட்டால், ஆண்டு முடிவில் ஆட்கள் வேறு பாலிசிக்குப் போய்விடுவார்கள். தனிநபர் சந்தையில் அது எளிது.

ஆஸ்கார் ஹெல்த், சென்டீன் போன்ற தனிநபர் பாலிசியில் ஊன்றிய நிறுவனங்கள் இக்ராவை ஆர்வத்தோடு வரவேற்கின்றன. குழுக் காப்பீட்டில் பெரும் வருமானம் பார்க்கும் நிறுவனங்கள் தயங்குகின்றன. ஒரு கையால் விற்றால் மறு கையில் குறையும் அல்லவா? 2019இல் அரசு, சில ஆண்டுகளில் 8 லட்சம் நிறுவனங்கள், 1 கோடியே 10 லட்சம் மக்கள் இதில் சேர்வார்கள் என்று கணித்தது. அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட இன்னும் வரவில்லை. 2025இல் இக்ராவைத் தனிச் சட்டமாக்கும் பிரிவு பிரதிநிதிகள் சபையின் மசோதாவில் இருந்தது. இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

அதே 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் குடும்பங்களைத் தொடும் வேறொரு பிரிவு இருக்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் அரசுச் சந்தையில் காப்பீடு வாங்க முடியும், வருமானத்துக்கேற்ற பிரீமிய உதவியும் பெற முடியும் என்பதே நிலை. 2027 முதல் அந்த உதவி கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் என்று சுருங்குகிறது. விசாவில் இருப்பவர் பாலிசி வாங்கலாம், ஆனால் முழு விலையில். அவருக்கு நிறுவனம் தரும் இக்ராத் தொகை மட்டுமே துணையாக இருக்கும். அந்தத் தொகை போதுமானதா என்று அளக்கும் விதியோ, ஊழியர் ஒருவருக்கு மட்டுமான பிரீமியத்தைத்தான் பார்க்கிறது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆகும் பிரீமியம் அந்தக் கணக்கில் வருவதில்லை. கடிதம் கைக்கு வந்ததும் நம் பிள்ளைகள் மனிதவளத் துறையிடம் முதலில் கேட்க வேண்டியது, குடும்பத்துக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்பதைத்தான்.